நியாத்தோ மரத்துக்காகச் சொன்ன பொய்

என் கணவரின் தம்பி ஷா ஆலமில் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று எல்லாரும் சாமி படத்தைக் கும்பிட்டார்கள். நான் அவர் மனைவியின் சமையலறை அலமாரிக் கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நியாத்தோ மரம். லேசாகச் சிவப்பு ஏறிய பழுப்பு. யாரும் பார்க்காதபோது ஒரு கதவைத் தடவினேன். வயிறு எரிந்தது. மறைப்பானேன், இவளுக்கு எதற்கு இதெல்லாம் என்றுதான் தோன்றியது.

அடுத்த மாதமே கணவரை இழுத்துக்கொண்டு, எங்கள் வீடு இருக்கும் கிள்ளானிலேயே ஒரு அலமாரிப் பட்டறைக்குப் போனேன். நியாத்தோதான் வேண்டும் என்றேன். சீன முதலாளி மலாயில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். தினமும் சமைப்பீர்களா? மீன் பொரிப்பீர்களா? தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவீர்களா? அப்படியென்றால் மரம் வேண்டாம், அலுமினியம் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

எங்கள் வீட்டில் தாளிப்பு இல்லாத நாளே கிடையாது. வெள்ளிக்கிழமை வாளி வாளியாக ஊற்றிக் கழுவாவிட்டால் எனக்கு விளக்கேற்றக் கை வராது. கணவர் அதைச் சொல்ல வாயெடுத்தார். அவர் காலை மிதித்தேன். தேத்தண்ணீர் கலக்குவோம், ரொட்டி வாட்டுவோம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். முதலாளி என் கணவரின் தொந்தியை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரியென்று எழுதிக்கொண்டார்.

பழைய சிமென்ட் மேடையை உடைத்து லோரியில் ஏற்றிப் போனார்கள். புதிய கதவுகள் வந்து மாட்டியபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சில வெள்ளிக்கிழமைகள் கழுவியதும் கீழ்க்கதவு ஒன்று உப்பிக்கொண்டு மூட மறுத்தது. பயந்துபோய், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்கடியில் ஓர் அடுப்பு வைத்தேன். சமையல் முழுவதும் அங்கே போயிற்று. மழைச் சாரல் அடித்தால் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் குடை.

"கிச்சன் யாருக்குடி கட்டுனோம்?" என்றார் கணவர்.

யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

தீபாவளிக்குக் கொழுந்தன் மனைவி வந்தாள். நேராகச் சமையலறைக்குத்தான் அழைத்துப் போனேன். ஒரே ஒரு தடவை அவள் முகம் வாட வேண்டும், அது போதும் எனக்கு.

"அழகா இருக்குக்கா," என்றாள். முகம் வாடவில்லை. "கறி வாசம் பின்னாலேர்ந்துலா வருது?"

நான் தடுப்பதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டாள். அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்களுமாக்கா? நானும் வெளியிலதான் சமைக்கிறேன். அந்த மரத்துல ஒரு சொட்டு எண்ணெ பட்டா அவரு மூஞ்சி மாறிடும். உங்க பழைய கிச்சன்ல நீங்க பாட்டுக்குப் பொரிப்பீங்க, கழுவுவீங்க. அதப் பாத்து எனக்கு எவ்ளோ பொறாமையா இருக்கும் தெரியுமா?"

என்ன சுலபமாகச் சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லை நான் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவளிடம் சொல்ல இதைவிட நல்ல நேரம் வரப்போவதுமில்லை. கறியைக் கிண்டினேன், உப்புப் பார்த்தேன். அப்படிச் சொல்ல முடிந்ததற்காகவும் அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.