மூன்று பேருக்கு ஒரு கோட்டு

கருங்குழி மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டைக் கிழித்தவன் நான். கிழித்தது தன் மகன்தான் என்று தையற்காரரை நம்ப வைத்தவனும் நான். முதலாவதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடலாம். இரண்டாவதை அப்படித் தள்ள முடியாது. யோசித்து, அந்த மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் அறை எடுத்துத் தங்கி பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். அறையில் என்னோடு இருந்தவனுக்கு இருபது வயதிலேயே பெரிய மீசை. மூன்றாவது கூட்டாளி, பஜாரில் தையற்கடை வைத்திருந்த பாயின் மகன். தூங்க மட்டும் வீட்டுக்குப் போவான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவன். சேர்க்கும்போதே பாய் அவனிடம் சொல்லியிருந்தார்: "நல்லா படி. ஆனா கடைத் துணியில ஒரு கோளாறு வந்துச்சுன்னா, மறுநாளே மெஷின்ல வந்து குந்திக்கணும்."

மெட்ராஸில் பெரிய ஓட்டல்களில் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஏங்கிய காலம். அங்கே போக எங்களுக்கு வக்கில்லை. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓர் ஓட்டலில் சனிக்கிழமைதோறும் கிதாரும் டிரம்ஸுமாக வாத்தியக் கோஷ்டி வந்தது. வெள்ளைக்காரர்களும் மெட்ராஸ் பணக்காரப் பிள்ளைகளும் ஆடுவார்கள். உள்ளே போக ஒரு சீட்டு வாங்க வேண்டும். கோட்டும் ஷூவும் போட்டிருக்க வேண்டும். வாங்கிய சீட்டை வாசலில் இருப்பவரே கோட்டின் மேல் பித்தானில் நூலால் கட்டிவிடுவார். வெளியே போய்த் திரும்புகிறவர்களிடம் அந்தச் சீட்டை மட்டும்தான் பார்ப்பார்.

இதைக் கண்டுபிடித்தவன் மீசைக்காரன். ஒரே கோட்டு, ஒரே சீட்டு, மூன்று பேர். ஒருவன் ஆடிவிட்டு வெளியே வருவான். சவுக்குத் தோப்பில் கோட்டையும் ஷூவையும் அடுத்தவனுக்கு மாட்டிவிடுவோம். ஆளுக்கு மூன்று பாட்டு. சீட்டோடு கொடுக்கும் ஒரு கூல்டிரிங்கையும் வெளியே கொண்டுவந்து மூன்றாகப் பங்கிடுவோம். விடியும்வரை படகுகளுக்குப் பக்கத்தில் மணலில் படுத்திருந்து, முதல் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு திரும்புவோம். கோட்டு எப்போதும் பாய் கடையிலிருந்து வந்தது. தைத்து முடித்து, வாங்க ஆள் வராமல் தொங்கும் ஏதாவது ஒன்றை அவன் சனிக்கிழமை எடுத்து வந்து, ஞாயிறு காலை திரும்ப மாட்டிவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை, தைத்து முடித்த கோட்டு எதுவும் கடையில் இல்லை. கருங்குழி மாப்பிள்ளையின் கோட்டு மட்டும் இருந்தது. அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த சாம்பல் நிறத் துணி. இந்த ஊரில் எங்கே தேடினாலும் கிடைக்காது. உடம்புப் பாகம் தைத்தாகிவிட்டது. கைகள் இரண்டும் கச்சாத் தையலில்தான் நின்றன, அதாவது போட்டுப் பார்ப்பதற்காகத் தளர்வாக ஓட்டிய நூல். பிறகு பிரித்து, அளவு சரிபார்த்து, மெஷினில் அடிப்பார்கள்.

"இன்னிக்கு வேணாம்டா," என்றான் பாயின் மகன். "கச்சாவுல கீது."

"வந்தது வந்துட்டோம், பஸ்ஸுக்கு நேரமாவுது," என்று பிடுங்கிப் பையில் போட்டவன் நான்.

தோப்பில் எனக்கு மாட்டிவிடும்போதும் அவன் சொன்னான்: "கையத் தூக்காத மச்சான். இடுப்புக்கு மேல கை போவக் கூடாது. ஆடு, ஆனா போலீஸ்காரன் மாதிரி ஆடு."

முதலில் மீசைக்காரன் போய் வந்திருந்தான். இரண்டாவதாகப் பாயின் மகன் போய் வந்தான். அவன் ஆடுவதேயில்லை, சுவரோரம் நின்று வெள்ளைக்காரர்களின் கோட்டுக்குத் தோள் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவான். பிறகு என் முறை. வாசல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், முதல்ல போம்போது மீச இருந்துச்சு. அப்பால இல்ல. இப்ப ஆளே வளந்துட்டீங்க?"

"உள்ள காத்து நல்லா கீது அண்ணாத்த," என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

இரண்டு பாட்டு ஒழுங்காக ஆடினேன். மூன்றாவது பாட்டில் கூட்டம் முழுவதும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டியது. எனக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்த பெண்ணும் தூக்கினாள். என்னையும் தூக்கச் சொல்லி ஜாடை காட்டினாள். நானும் தூக்கினேன். கோட்டின் வலது கை தோளிலிருந்து கழன்று, முழங்கை வரை வழிந்து தொங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அதுவரை நடந்தது ஒன்றுமில்லை. பாய் ஒரு நிமிடத்தில் மறுபடி ஓட்டியிருப்பார். நான் வாசல் வழியாக வந்திருக்க வேண்டும். அந்த வாசல்காரரும் சிரிப்பாரே என்று கூசி, பின்பக்கம் ஓடி முள்கம்பி வேலியில் ஏறிக் குதித்தேன். கோட்டு முதுகில் மாட்டிக்கொண்டது. கழுத்துக்குக் கீழே பிடித்து இடுப்பு வரை கிழிந்தது.

தோப்பில் பாயின் மகன் கோட்டை விரித்துப் பார்த்தான். கிழிசலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சேர்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு காலை பஸ் வரை உட்கார்ந்திருந்தான்.

ஞாயிறு பகலில் பாய் எங்கள் அறைக்கு வந்தார். தோளில் கோட்டு, பின்னால் மகன்.

"யாரு போட்டதுன்னு கேட்டா இவன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். நீங்க சொல்லுங்க தம்பி. இல்லன்னா நான் ஒங்க நைனாவைத்தான் கேக்கணும்."

என் அப்பா தலைமைக் குமாஸ்தா. தெரிந்தால் அன்றோடு பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார். பின்னால் நின்ற மகனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். "உங்க பையன்தான் எடுத்துகினு வந்தான் பாய். அவன்தான் போட்டுகினு ஆடினான். கிழிச்சதும் அவன்தான்," என்றேன். மீசைக்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மகன் மறுக்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அவன் இடம் காலியாக இருந்தது.

சில வாரங்கள் அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். இறுதித் தேர்வுக்குப் பணம் கட்டும் அறிவிப்பு ஒட்டினார்கள். இப்போது விட்டால் அவன் படிப்பு போயே போய்விடும் என்று தெரிந்தது. அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். மெஷினில் அவன்; வெட்டும் மேசையில் பாய். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. "அந்த மாப்ள பழைய கோட்டப் போட்டுகினு நிக்காஹ்ல குந்திகினு இருந்தாரு. சம்மந்தி வூட்ல சிரிச்சாங்க. நீ இப்ப சொல்லிட்டா அது தைச்சிக்குமா?"

"அவன படிக்க அனுப்புங்க பாய்."

"யார வெச்சிகினு தொழில் பண்றது? காஜா எடுக்கறவன நிறுத்திட்டேன். இவன்தான் எடுக்கறான்."

"நான் எடுக்கறேன்."

"நீயா? ஊசி எந்தப் பக்கம் குத்தும்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாதுதான். காஜா என்பது பித்தான் துளையைச் சுற்றிக் கையால் நூல் கட்டும் வேலை. மறுநாள் போனேன், பாய் திருப்பி அனுப்பினார். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாள் ஒரு கந்தல் துணியைத் தூக்கிப் போட்டு, பழகு என்றார். விரல் நுனி எல்லாம் குத்துப்பட்டது. நான் எடுத்ததை அவர் பிளேடால் அறுத்துத் திரும்பத் தருவார்; மறுபடி எடுப்பேன். ஒரு சட்டைக்கு முழுதாக எடுத்த அன்று, அறுக்காமல் அதை மடித்து அடுக்கில் வைத்தார். அந்த வாரம் மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார். தேர்வு வரை எல்லா மாலையும் நான் அங்கேதான் இருந்தேன். ஞாயிறு கொடுக்க வேண்டிய துணிகளால் சனிக்கிழமைதான் வேலை அதிகம். மீசைக்காரன் தனியாக மாமல்லபுரம் பஸ் ஏறினான்.

கருங்குழிக்கும் போய், கோட்டைக் கிழித்தது நான்தான் என்று சொன்னேன். மாப்பிள்ளை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "சரி, போங்க," என்று உள்ளே போனார். அந்த வீட்டுத் துணி பாய் கடைக்குத் திரும்பி வரவேயில்லை.

பாயின் மகன் என்னோடு பேசாமலே இருந்தான். ஓர் இரவு கடை மூடும்போது மட்டும் கேட்டான்: "கோட்டு கிழிஞ்சத நான் அன்னிக்கே வுட்டுட்டேன். எங்க அத்தாகிட்ட சொல்லும்போது எம் மூஞ்சப் பாத்துகினே சொன்னியே, எப்பிடி முடிஞ்சுது ஒன்னால?"

மீதிக் கடைப் பலகைகளை நான் எடுத்து மாட்டினேன்.

வராமல் போன வாரங்களின் பாடத்தில் ஒரு தாள் தவறி, அடுத்த முறை எழுதித் தேறினான். கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தான். சில வருஷம் கழித்து அவன் கல்யாணத்துக்குப் பாயே கோட்டு தைத்தார். செய்தி கேட்டுக் கடைக்குப் போய், அதற்குக் காஜா நான் எடுக்கிறேன் என்றேன். பாய் மகனைப் பார்த்தார்.

"அது மட்டும் வேணாம்," என்றான் அவன். கோட்டை என் கைக்கு எட்டாத ஆணியில் மாட்டினான். பிறகு ஒரு சட்டையை என் பக்கம் தள்ளி, "இத வேணா எடு. நாளைக்குக் குடுக்கணும்," என்றான்.

உட்கார்ந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.