ஜன்னல் பக்கம் திரும்பிய மெஷின்கள்

தையல் கூடத்தில் காலர் அக்கா தன் கால்மிதி மெஷினைச் சுவரோரத்திலிருந்து திருப்பி, ஜன்னலைப் பார்க்க வைத்தாள். சட்டைக்குக் காலர் தைப்பவள் என்பதால் அந்தப் பெயர்.

"தெருவை வேடிக்கை பாக்கவா? தையல் குறைஞ்சா வீட்டுக்குப் போயிடுவே," என்றார் கட்டிங் மாஸ்டர்.

"இருக்கிறபடி இருக்கட்டும்க்கா," என்றார்கள் மற்ற பெண்களும்.

"வெளிச்சம் முதுகுல, நம்ம நிழல் ஊசிமேல. கண்ணு போனாலும் வீட்டுக்குத்தானே மாஸ்டர்? சுவரைப் பாத்து உக்காந்து நீங்களே நூல் கோத்துப் பாருங்க," என்றாள் அக்கா.

மாஸ்டர் உட்கார்ந்தார். எச்சில் தொட்டுத் தொட்டு நீட்டினார். நூல் ஊசியைச் சுற்றியே போனது.

"ஊசி அங்கேயேதான் இருக்கு மாஸ்டர்!" என்றாள் ஒருத்தி. அறையே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த மெஷினின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் எழுந்து மறுமுனையைப் பிடித்தார்.

மறுநாள் காலையில் மின்சாரம் போனது. விளக்குக்குக் காத்திராமல் எல்லோரும் ஜன்னல் வெளிச்சத்திலேயே மிதித்துத் தைத்தார்கள்.