தீப்பெட்டிக்குள் ஓடிய நிரல்

தீப்பெட்டிக்குள் புளியங்கொட்டை உருளும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதுகு சில்லிட்டுப் போகும். என் தங்கை மல்லிகா போன பிறகு, பொழுது சாயும் நேரங்களில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. “எலிடி” என்பார் அப்பா. அம்மா மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எங்கள் மலையூரான வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கிய அப்பா, ஒரு நாள் பழைய புத்தகக் கடையிலிருந்து தடிப்பான புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். கணினி மொழியை ஆசிரியர் இல்லாமலே கற்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. “இத்த படிச்சா மெட்ராஸ்ல வேலை கெடைக்குமாம், கடைக்காரர் சொன்னாரு” என்றார். அப்போது எங்கள் ஊரில் கணினி என்று ஒன்று கிடையாது. அதை ஒரு குறையாக அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

எண்களைப் போட்டுவைக்க இயந்திரத்துக்குள் பெட்டிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு என்று முதல் பாடத்தில் இருந்தது. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்து, மேலே எழுத்துகளை எழுதி, உள்ளே புளியங்கொட்டைகளைப் போட்டேன். இயந்திரம் வேண்டுமே? மல்லிகா இருந்தாள். செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லும் நிரலை நான் தாளில் எழுதிக் கொடுப்பேன்; அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வரி வரியாகப் படித்து, கொட்டைகளைப் பெட்டி விட்டுப் பெட்டி மாற்றுவாள். எழுதியதை மட்டும்தான் செய்ய வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். வீட்டில் யார் சொல்லையும் கேட்காத அந்த வாயாடி, இந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் அப்படிக் கட்டுப்பட்டாள். ஒருமுறை எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுத மறந்துவிட்டேன். சோற்றுக்குக் கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. “அக்கா நிறுத்துன்னு எழுதலம்மா, நான் இன்னா பண்றது?” என்று கொட்டைகளை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவள் புத்தகத்துக்கு அடங்கவில்லை. சாமை அளக்கும்போது அப்பா முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்; “லாபம்” என்றுதான் தொடங்குவார், அப்புறம்தான் “ரெண்டு, மூணு”. எங்கள் பக்கத்துக் களங்களில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். புத்தகமோ பூஜ்ஜியத்திலிருந்து எண்ணச் சொன்னது. “எடுத்ததுமே ஒண்ணுமில்லன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?” என்று முகத்தைச் சுளித்துவிட்டு, மல்லிகா ஒவ்வொரு நிரலையும் “லாபம்” என்றே தொடங்கினாள்.

அந்த மழைக்காலத்தில் நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒரு பெட்டி காலியாகும்வரை கொட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். காலியானதும் “முடிந்தது” என்று சொல்ல வேண்டும். பாதிக் கொட்டைகளை எடுத்தவள், குளிருகிறது என்று போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் வெகுநேரம் நின்றதாம். அப்பாவின் மடியில் கிடந்தவள், “லாபம், ரெண்டு, மூணு” என்று எண்ணிக்கொண்டே வந்தாளாம். கீழே போய்ச் சேர்ந்தபோது எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பெட்டிகள் அப்படியே கிடந்தன. கூட்டிப் பெருக்க வந்த சித்தியை அம்மா தடுத்தாள். “அவ வெச்சது, தொடாத” என்று தானே ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு கொட்டைகூட இடம் மாறாமல் பிஸ்கட் டப்பாவில் வைத்துப் பரணில் ஏற்றினாள். நான் அந்தப் புத்தகத்தைத் தொடர்ந்து படித்தேன். அழுதுகொண்டே படித்தேன் என்பதுதான் உண்மை. மின்சாரம் நின்றதும் இயந்திரத்தின் நினைவில் இருந்ததெல்லாம் அழிந்துபோகும் என்று பின்னால் ஒரு பாடத்தில் இருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் படிக்க என்னால் முடியவில்லை.

இன்று சென்னையில் எனக்கு நிரல் எழுதுவதுதான் வேலை. நிரலில் பிழை தேடும்போது என் உதடுகள் தாமாக “லாபம்” என்று தொடங்கும். அடுத்த இருக்கைக்காரர் சிரிப்பார். ஊரில் இப்போது யாரும் படியால் அளப்பதில்லை, மூட்டை நேராக எடை மேடைக்குப் போகிறது. ஓட்டு வீடு போய் மாடி வந்துவிட்டது, பரணும் இல்லை. டப்பா மட்டும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அம்மா அதை எடுத்து என் மடியில் வைத்தாள். “அந்த ஆட்டம் எப்டி முடியும்னு நீ சொல்லவே இல்லியேம்மா?” என்றாள். மீதிக் கொட்டைகளை எடுத்துப்போட்டு “முடிந்தது” என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. என் விரல் பெட்டி வரைக்கும் போனது.

“அது இன்னும் முடியலம்மா. ஓடிக்கினுதான் இருக்குது” என்றேன்.

“ஓடட்டும்” என்று சொல்லி, அம்மா டப்பாவை வாங்கி மூடினாள். உள்ளே கொட்டைகள் உருண்டன.