ஜெயக்கொடி எழுதிக் கொடுத்த கடிதம்

2004இல் ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், மதுரை காளவாசலுக்கு மேற்கே இருந்த தகடு வெட்டும் பட்டறையில் பதினோரு இரும்புத் தகடுகள் வீணாய்ப் போயின. லேசர் எந்திரத்தை ஓட்டுகிறவள் ஜெயக்கொடி. ஆகவே தவறும் அவளுடையதே என்று முதலாளி ரவிசங்கர் முடிவு கட்டிவிட்டார்.

"மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. இல்லாட்டி நாளையிலருந்து பேக்கிங்குல நில்லு."

"எழுத மாட்டேன் சார்."

ஓசூர், புனே என்று ஆறு வருடம் அலைந்து இந்த வேலையைக் கற்றுத் திரும்பியவள் அவள். அட்டைப்பெட்டி ஒட்டுவதற்கா அம்புட்டுத் தூரம் போனாள்?

வீணான தகடுகளைப் புரட்டினாள். எந்திர மேசையின் இந்த முனையில் வெட்டு சுத்தமாக இருந்தது. மூன்று மீட்டர் தள்ளி, அந்த முனையில் அடியெல்லாம் உருகி ஒட்டிய கசடு. கை தவறியிருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா கெட்டிருக்கும்?

லேசர் ஒளியும் டார்ச் வெளிச்சம்போலப் போகப் போக விரியும். விரியவிடாமல் ஒரே பருமனில் அனுப்புவது காலிமேட்டர் என்கிற குழாய். உள்ளே இரண்டு லென்சுகள், வெளியே ஒரு வளையம். வளையம் திரும்பினால் லென்சுகளின் இடைவெளி மாறும். கிட்டத்தில் ஒரு பருமன், எட்டத்தில் வேறு பருமன் என்றாகிவிடும்.

சக்தியைக் குறைத்து, இரு முனையிலும் ஃபேக்ஸ் காகிதத்தில் ஒரு முறை சுட்டாள். கிட்டத்தில் நெல்லிக்காய் அளவு கருகல்; எட்டத்தில் எலுமிச்சை அளவு. வளையத்தின் பூட்டுத்திருகு தளர்ந்து கிடந்தது.

"இதத் தொட்டது யாருண்ணே?"

ஃபிட்டர் மலையாண்டி தலையைச் சொறிந்தார். "பூசைக்கு நீ வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்தியே, அப்ப நம்ம சார்தான் சந்தனம் வைக்கத் துடைச்சாரு. சுத்துச்சு. நல்லா சுத்துதேன்னு இன்னும் ரெண்டு சுத்து சுத்துனாரு."

பக்கத்தில் நின்ற ரவிசங்கர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

ஜெயக்கொடி வளையத்தை முதலில் இரண்டு சுற்றுப் பின்னால் திருப்பி, அப்புறம் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். திருப்புவதும் சுடுவதுமாக ஒன்பது காகிதம். ஒன்பதாவதில் இரண்டு கருகலும் ஒரே அளவு. திருகை இறுக்கிப் புதுத் தகட்டை ஓடவிட்டாள். அந்த முனையிலும் கசடு இல்லை.

"சரிம்மா, போகட்டும். ஆர்டர் குடுத்த பார்ட்டிகிட்ட காட்ட ஒரு காகிதம் வேணும். சும்மா ரெண்டு வரி எழுதிரு" என்றார் ரவிசங்கர்.

எழுதினாள். எந்தத் தேதியில், யார், எதற்காக, எத்தனை சுற்றுத் திருப்பினார், அதை யார் சரிசெய்தது என்று நாலே வரி. கீழே கையெழுத்து.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதுல மன்னிப்பே இல்லையேம்மா."

"கேக்க வேண்டியவுக எழுதுறதுக்குத்தான் கீழ எடம் விட்டிருக்கேன் சார்."

சொல்லிவிட்டு அடுத்த தகட்டை ஏற்றப் போனாள்.