படிக்கட்டுப் பனியும் ஒரு ட்ராஃப்ட் பிக்கும்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், பனி கொட்டும் குளிர்நாட்டு நகரம் ஒன்றின் செயின்ட்-மிஷேல் பகுதியில், ஒரு மேல்மாடி வீட்டில் இருந்தோம்: நான், என் கணவர், என் அண்ணா. தெருவுக்கு இறங்க வெளியே ஓர் இரும்புப் படிக்கட்டு. வேறு வழி கிடையாது.

வீட்டில் இரண்டு ஃபுட்பால் நிபுணர்கள்; காலால் உதைக்கும் ஆட்டமல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்த ஊர் ஆட்டம். ஒருவர் பந்தைத் தொட்டதில்லை, மற்றவர் மைதானத்துக்குப் போனதில்லை. ஆனாலும் டீவிக்கு முன்னால் உட்கார்ந்தால் பயிற்சியாளருக்கே புத்தி சொல்லுவார்கள்.

ஓர் இலையுதிர்காலத்தில் எங்கள் நகரத்து அணி தன் அனுபவசாலி ஆட்டக்காரர் ஒருவரை மேற்கே இன்னோர் அணிக்குக் கொடுத்து, அவர்களுடைய ட்ராஃப்ட் பிக்கை வாங்கியது. அதாவது, அடுத்த வருடம் பல்கலைக்கழகப் பொடியன்களில் ஒருவனை அவர்களுக்குப் பதிலாகத் தெரிவு செய்யும் உரிமை. ஆளைக் கொடுத்துக் காற்றை வாங்கிவிட்டார்கள் என்று அண்ணா கொதித்தார். வயது போனவரைத் தள்ளிவிட்டது கெட்டித்தனம் என்றார் கணவர். இந்த ட்ரேடில் வென்றது எந்த அணி என்று பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் படிக்கட்டுப் பனியை அள்ள வேண்டும்.

எனக்கும் சந்தோஷம்தான், யார் தோற்றாலும் படி துப்புரவாகும். நான் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், காலையில் கதவு திறக்கும் வேலை செய்தேன். நான் பிந்தினால் குழந்தைகள் குளிரில் நிற்பார்கள், என் வேலையும் போகும்.

முதல் பனியில் படிக்கட்டே மறைந்துபோனது. நிபுணர்கள் சோபாவை விட்டு அசையவில்லை.

"ஆர் தோத்தது?" என்று கேட்டேன்.

"அதை இப்ப சொல்லேலாது. பொடியனை இன்னும் எடுக்கேல்லையெல்லே," என்றார் கணவர்.

"ஓம், ஒரு ட்ரேடை மூண்டு வருசம் பொறுத்துத்தான் கணக்குப் பாக்கவேணும்," என்றார் அண்ணா. அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

பனி அள்ளும் சவளை நான் எடுத்தேன்.

அடுத்த குளிர்காலத்துக்குள் பொடியன் வந்துவிட்டான், ஆனால் ஆட இறக்காமல் மைதான ஓரத்து வாங்கிலேயே இருத்திவைத்தார்கள். பொறுமை வேண்டுமாம். பொறுமை அவர்களுக்கு இருந்தது, முதுகுவலி எனக்கு இருந்தது. மூன்றாம் வருடம் பொடியன் முழங்கால் போய் ஆட்டத்தையே விட்டான். மேற்கே போனவரும் தோள்மூட்டு உடைந்து ஓய்வு பெற்றார். மார்ச் மாதக் கடைசியில், நீண்ட விவாதத்துக்குப் பிறகு, தீர்ப்பு வந்தது. இரண்டு அணிக்கும் நட்டம், ஆகவே பந்தயத்தில் ஒருவரும் தோற்கவில்லை, ஆகவே ஒருவரும் பனி அள்ளத் தேவையில்லை.

அன்று காலைதான் நான் அந்தப் படியில் வழுக்கி விழுந்து, வேலைக்குப் பிந்திப் போய், ஏச்சு வாங்கிவிட்டு வந்திருந்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பனி ஒட்டிய சவளைக் கொண்டுவந்து டீவிக்கு முன்னால் சாத்தினேன்.

"நானும் ஒரு ட்ரேட் செய்யிறன். இனி ஸ்நோ முழுக்க என்ரை பொறுப்பு. சமையல் முழுக்க உங்கள் ரெண்டு பேரின்ரை பொறுப்பு."

சவளை ஒருமுறை பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு ட்ரேடை மூன்று வருடம் எடை போட்டவர்கள் என்னுடையதை ஒரு நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்கள். கையில் அடித்துச் சத்தியமும் செய்தார்கள்.

ஏப்ரலில் படிக்கட்டு காய்ந்து கிடந்தது. நான் சோபாவில் கால் நீட்டி டீவி பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் நறுக்கிக் கண் சிவந்த அண்ணா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, இந்த ட்ரேடிலை நாங்கள் ஏமாந்திட்டமோ?"

"அதை இப்ப சொல்லேலாது அண்ணை," என்றேன். "மூண்டு வருசம் பொறுங்கோ."