ஒழுகாத வீட்டின் குடித்தனக்காரி

தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, கூடத்தின் நடுவில் வாளியைக் கொண்டுபோய் வைப்பாள். அதில் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். கூரை என்னவோ ஒரு சொட்டும் ஒழுகாது. பிறகு ஜன்னலைச் சாத்தி, மூலையில் ஓர் ஈரச் சாக்கை விரித்து, மூச்சை இழுத்துப் பார்ப்பாள். முடைநாற்றம் பதமாக வந்துவிட்டால் திருப்தியோடு மறுபடி மிஷினில் உட்கார்ந்துகொள்வாள்.

புது முகம் யாராக இருந்தாலும் அவள் கணக்கில் அது வீடு வாங்க வந்த ஆள்தான். ஒருமுறை கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம் கூரை ஒழுகுவதைப் பற்றி மூச்சு விடாமல் புலம்பித் தீர்த்தாள். அந்த அப்பாவி மனம் இளகித் தன் குடையைக் கொடுத்துவிட்டுப் போனார். "நடிக்கிறான். வேவு பாக்க வந்தவன்," என்று அந்தக் குடையையும் விரித்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பக்கத்தில் நெடுஞ்சாலை வந்ததிலிருந்து நகரத்துக்காரர்களுக்கு இந்தச் சிற்றூர்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாங்கிப் போட்ட வீடுகள் வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கின்றன. சனிக்கிழமை மட்டும் விளக்கு எரிகிறது. வாடகைக்கு வீடு கிடைக்காமல் பள்ளி ஆசிரியையே ஊரைவிட்டுப் போய்விட்டார். இருக்கிற ஒன்றிரண்டு வீட்டுக்குக் கேட்கிற வாடகை, பால் வண்டி ஓட்டும் அவள் கணவனின் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும். இந்த வீடு கைமாறினால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. மகளின் படிப்பு, பாடுபட்டுப் பிடித்த வாடிக்கை எல்லாம் இங்கேதான்.

"பளபளன்னு வெச்சுக்கிட்டா வீட்டுக்காரரு வித்துருவாரு. பாழாக் கிடந்தாத்தான் அது நம்ம வீடு," என்பாள். உள்ளறைக்கு மட்டும் சொந்தச் செலவில் வெளிர்நீலம் அடித்திருக்கிறாள். ஆள் வந்தால் அந்த அறைக்குப் பூட்டு. வெளியூரிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தால், "சுவரு பொலபொலன்னு கொட்டுதுங்க சார்," என்று ஆரம்பித்துவிடுவாள். கணவன் தலையில் அடித்துக்கொள்வான்.

"நீ பேசுற பேச்சுக்கு வீடு நெஜமாவே இடிஞ்சு விழப்போவுது."

"நீ சும்மா கெட. உனக்கு ஒரு எழவும் தெரியாது."

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மனைவியோடு வந்தார். வாளி, சாக்கு, புலம்பல் எதிலும் அவள் குறை வைக்கவில்லை. "அப்பப்ப பாம்புகூட வருதுங்க," என்று புதிதாக ஒன்றையும் சேர்த்துவிட்டாள். வந்தவர் முகம் சுளிக்கவே இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"பரவால்லமா, நாங்க எப்படியும் இடிச்சுட்டுத்தான் கட்டப்போறோம்," என்றார் அவர். "வீடு ரொம்ப மோசம்னுதான் ஓனரே வெலயக் கொறைச்சுட்டாரு. இல்லன்னா எங்களால எங்க வாங்க முடியும்?"

தன் வாயாலேயே விலையைக் குறைத்து, ஆளையும் கூட்டி வந்திருக்கிறாள்.

அவர் கொல்லைக்கு வந்து நில அளவு நாடாவை எடுத்து, "இந்த நுனிய சுவரோட வெச்சுப் பிடிச்சுக்கோங்கமா," என்று அவள் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்க வேலியை நோக்கி இழுத்துக்கொண்டே நடந்தார். ஊருக்கே அளவெடுத்துத் தைப்பவள், ஒரு நூல் பிசகாதவள், அவர் முதுகைப் பார்த்தபடியே நுனியைச் சுவரிலிருந்து ஒரு முழம் வேலிப் பக்கமாக நகர்த்தி, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.