ஐந்து ஓப்பனிங் பௌலர்களும் ஒரு புதுப் பந்தும்

கேம்ப் கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன் வேலை பார்ப்பதற்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா செய்தால் வாங்கிக்கொள்ள ஆளும் கிடையாது. அபுதாபி பக்கம் ருவைஸில், ரிஃபைனரி மெயின்டெனன்ஸ் காண்ட்ராக்டில் ஸ்டோர்கீப்பராக, ஆட்களோடு கேம்பில் தங்கியிருப்பவன் நான். சும்மா இருக்கமுடியாமல் இதையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நீங்களும் எங்காவது பதினோரு பேரைக் கட்டி மேய்த்தவர் என்றால், தலைவலி மாத்திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எல்லோரும் முதல் ஓவர்

இங்கே கேம்ப்களுக்குள் நடக்கும் டோர்னமென்ட்டில் ஆட்டம் பத்து ஓவர், ஒருவருக்கு இரண்டு ஓவர். டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி விளையாடுவது பாகிஸ்தான்காரர்கள் பழக்கிவிட்டது. டேப் புதிதாக இருக்கும்போது பந்து காற்றில் வளையும், பௌலருக்குக் கொண்டாட்டம். மணலில் உருண்டு டேப் கிழிந்தபிறகு வளையாது, பேட்ஸ்மேனுக்குக் கொண்டாட்டம்.

இந்த சீசனில் ஊரிலிருந்து வந்து இறங்கியவர்களில் ஐந்து பேர் பௌலர்கள். எனக்கும் மனசு குளிர்ந்துபோனது. விசாரித்தால் ஐந்து பேருமே ஊரில் ஓப்பனிங் பௌலர்கள். புதுப் பந்தைத் தவிர வேறு பந்தைத் தொட்டதில்லையாம். முதல் ஓவர் யார் என்றதும் ஐந்து கை நீண்டது. கடைசி ஓவர் யார் என்றேன். எல்லோரும் ஷூ லேஸைச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கதிர்தான் கடைசியில் எனக்கு விளக்கம் சொன்னான்.

"கடைசி ஓவரை யாராச்சும் பேட்ஸ்மேனைப் போடச் சொல்லுங்கண்ணே. நாங்க பௌலருங்க."

பஸ்

அதே மாதிரி பேட்ஸ்மேன்களைப் போடச் சொல்லி, முதல் இரண்டு ஆட்டத்தையும் கடைசி ஓவரில் தாரை வார்த்தோம். தோற்பதுகூடப் பரவாயில்லை. கிரவுண்டுக்குப் போக கேம்பில் ஒரு பஸ் தருவார்கள். ஆட்டம் முடிந்ததும் அது டவுனில் ஒரு மணி நேரம் நிற்கும். டீக்கடையில் உட்காரலாம், கடைகண்ணி பார்க்கலாம், யூனிஃபார்ம் போடாத மனிதர்களைப் பார்க்கலாம். வாரம் முழுக்க டேங்குக்கும் பைப்புக்கும் நடுவே கிடக்கிற எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வெளியுலகம்.

அந்த பஸ்மேல் வாலிபால் டீமுக்கும் ஒரு கண். கேம்ப்பை நிர்வகிக்கும் பாஸ் பாலக்காட்டுக்காரர், நியாயஸ்தர். என்னைக் கூப்பிட்டு நிதானமாகவே சொன்னார்.

"பௌலர் அஞ்சு பேர், ஒரு ஓவர் போட ஆளில்லை. செமி ஃபைனல் போகலைன்னா பஸ் வாலிபாலுக்கு. கலாஸ், அவ்வளவுதான்."

சேது ஒத்துக்கொண்டான்

ஐவரில் கொஞ்சம் இளகிய மனசுக்காரன் ராமநாதபுரத்துச் சேது. அவன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, எட்டாவது, பத்தாவது ஓவரை அவன் தலையில் கட்டினேன். முதல் தடவை அடி பின்னிவிட்டார்கள். ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்துவிட்டுத் திடீரென்று வந்து போட்டால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. பந்து வளையவும் இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஆறாவது ஓவர் நடக்கும்போதே ஃபீல்டிங் நிற்கிற பவுண்டரி ஓரத்திலேயே அந்த வெயிலில் தனியாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டான். வேகத்தை விட்டுவிட்டு, பேட்ஸ்மேனின் கால் நுனியில் விழுகிற மாதிரி போடக் கற்றுக்கொண்டான். அதன்பிறகு அவன் கடைசி ஓவர் போட்ட ஒரு ஆட்டத்திலும் நாங்கள் தோற்கவில்லை. எனக்கு அவனைக் கும்பிடவேண்டும் போலிருந்தது. அவனுக்கோ வெட்கம்.

"ஊர்லேர்ந்து யாராச்சும் கேட்டா மட்டும் ஓப்பனிங்னே சொல்லிருங்கண்ணே."

கதிருக்கு ரோஷம்

அந்தத் தைரியத்தில் கதிரிடம் ஐந்தாவது, ஏழாவது ஓவரைக் கேட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மெஸ்ஸில் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனான். பிறகு, இனி விளையாடவே மாட்டேன் என்று சொல்லியனுப்பினான்.

உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். சேதுவும் கதிரும் ஒரே செக்ஷன். டேங்குக்குள் ஆட்கள் வேலை செய்யும்போது வாசலில் காவல் நிற்பது அவர்கள் டூட்டி. அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்காமல் அந்த இடத்தைவிட்டு ஓரடி நகரக்கூடாது. செமி ஃபைனலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவாகும் ஆட்டத்தன்று சேதுவுக்கு மதியம் வரை டூட்டி. அவனை மாற்றிவிடவேண்டியது கதிர். கதிர் விளையாடாவிட்டால்தான் சேது வரமுடியும். வந்துவிடுவாய் அல்லவா என்று நேரிலேயே போய்க் கேட்டேன்.

"உங்க அஞ்சாவது ஓவருக்கு டேங்க் வாசல் எவ்வளவோ மேல். போறேண்ணே."

அந்த ஆட்டம்

பஸ் புறப்படும் நேரம் வரை சேது வரவில்லை. பிளான்ட்டுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது என்பதால் கேட்கவும் வழியில்லை. ஒரு ஆள் குறைகிறது, யாராவது வாருங்கள் என்று வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டு, கிரவுண்டில் டாஸ் போடக் காசைத் தேடிக்கொண்டிருக்கிறேன். டாக்ஸியிலிருந்து இறங்கினான் கதிர். வெள்ளை ஷூ, துவைத்த ஜெர்சி.

டூட்டி என்னாச்சு என்றேன். டூட்டிக்குத் தாமதமாகக் கிளம்பிக்கொண்டிருந்தவன், குரூப்பில் பார்த்ததும் தனக்குப் பதிலாக ஒரு நேபாளியை ஏற்பாடு செய்துவிட்டானாம். அந்த ஆள் தூங்கி எழுந்து மூன்று மணிக்குப் போவானாம். குறைகிற அந்த ஒரு ஆள் யார், ஏன் குறைகிறான் என்று அவன் யோசிக்கவே இல்லை.

"நியூ பால் எனக்குத்தானேண்ணே?"

கடைசி ஓவர்

கொடுத்தேன். வேறென்ன செய்ய? அற்புதமாகப் போட்டான், அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு ஓவரில் மூன்று விக்கெட். மற்ற மூவரும் டேப் கிழிவதற்குள் தங்கள் பங்கை அவசர அவசரமாக முடித்துக்கொண்டார்கள். ஒன்பதாவதை ஒரு பேட்ஸ்மேன் எப்படியோ ஒப்பேற்றினான். கடைசி ஓவருக்கு மிச்சமிருந்தது நானும் நார் நாராய்க் கிழிந்த பந்தும்தான். அவர்களுக்கு ஒன்பது ரன் வேண்டியிருந்தது. நான்காவது பந்திலேயே முடித்துவிட்டார்கள்.

அன்று டவுனில் பஸ் நின்றபோது யாரும் இறங்கவில்லை. கேம்ப் வாசலில் சேது நின்றிருந்தான். டூட்டியில் போடும் கவரால் உடுப்பைக்கூட மாற்றவில்லை, ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் கிரிக்கெட் ஷூ. முகங்களைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்டான்.

"கடைசி ஓவர் யாருண்ணே போட்டது?"

பஸ் இப்போது வாலிபாலுக்குப் போய்விட்டது; எங்களிடம் மிச்சமிருப்பது ஐந்து ஓப்பனிங் பௌலர்களும், டேப் பிரியாத ஒரு புதுப் பந்தும்தான்.